மூன்றாம் படி

வொலோக்தா திருச்சபை மன்றத்தில்
மணமுறிவு வழக்கு ஒவ்வொன்றுக்கும் மூன்று படிகள்.
ஒன்று பேராயருக்கு.
ஒன்று தலைநகருக்கு.
மூன்றாவது, நிலவறை எலிகளுக்கு.
மூன்றையும் எழுதுகிறவன் நான், நிக்கானோர்,
மாதம் பதினெட்டு ரூபிள்,
மை என் செலவு.

இன்று வந்திருக்கிறது
கபித்தோலினா அர்தலியோனோவ்னாவின் கட்டு.
வயது இருபத்தொன்பது. மகன் ஒருவன்.
கணவர் கலால் துறையில் பெரிய நாற்காலி.
குற்றம் ஒற்றைச் சொல்.
அந்தச் சொல்லில் மட்டும்
மை கொஞ்சம் கூடுதலாக இறங்கிவிடுகிறது
ஒவ்வொரு படியிலும்.

கண்ணால் கண்ட சாட்சி இரண்டு வேண்டும் என்கிறது சட்டம்.
விலைக்குக் கிடைக்கும், ஆளுக்கு இருபத்தைந்து.
"கதவிடுக்கு வழியே கண்டேன்"
என்கிறான் விடுதிச் சிப்பந்தி.
அந்த விடுதி எனக்குத் தெரியும்.
அங்கே அறைகளுக்குக் கதவே கிடையாது,
அழுக்குத் திரைதான்.
எழுதினேன்:
கதவிடுக்கு வழியே.

ரயில்பாதை அளக்க வந்தவனாம் அவன்.
அளந்து முடித்ததும்
பெர்முக்கு மாற்றல் வாங்கிக்கொண்டான்.
கட்டில் அவன் கடிதங்கள் ஐந்து.
முதலாவது பதினோரு பக்கம்,
கடைசியில் நான்கு வரி,
அதில் இரண்டு வானிலை.

மன்னிப்பு ஞாயிறன்று அவளைப் பார்த்தேன்.
பெருநோன்புக்கு முந்தைய மாலை,
ஊரே ஒருவர் முன் ஒருவர் குனிந்து
"என்னை மன்னியும்" என்று கேட்கும் மாலை.
ஆற்றங்கரைத் தெருவில்
இரண்டாம் குடித்தனம் நடத்தும் கர்னல்
மெழுகுவர்த்தியோடு குனிந்தார், நிமிர்ந்தார்.
அவரைப் பற்றியும் அலர் உண்டு,
அது அவருக்கு மீசைபோல் பொருந்திவிட்டது.
அவளைச் சுற்றி மட்டும்
ஒரு வண்டி திரும்புகிற அளவுக்கு வெற்றுத் தரை.
நான் என் காலணியின் வாரை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் என் மனைவி ஃபெவ்ரோனியா
அந்த வெற்றுத் தரையைக் கடந்து போனாள்.
நெற்றி கல்லில் படக் குனிந்தாள்.
"என்னை மன்னியும்" என்றாள்
முன்பின் பேசியிராத ஒருத்தியிடம்.
எதற்காக?
பனியில் வீடு திரும்பும்வரை கேட்கவில்லை.
பிறகு கேட்கும் பொழுது தாண்டிவிட்டது.

கட்டின் அடியில் ஒரு சிறு காகிதம்.
தாய் ரகசியமாகத் தொடர்பு கொள்கிறாள் என்பதற்குக்
கணவர் கொடுத்த சான்று:
"அம்மா, என் பள் விழுந்துவிட்டது.
அப்பாவிடம் காட்டவில்லை.
பெட்டியில் வைத்திருக்கிறேன்."
பல் என்பதைப் பள் என்று எழுதியிருக்கிறான்.
பிழை திருத்துவதும் என் வேலைதான்.
மூன்று முறையும் திருத்தவில்லை.

தீர்ப்பு மாலையில் வந்தது.
மகன் தந்தையிடம்.
கணவர் விரும்பினால் மறுமணம் செய்யலாம்.
குற்றவாளி ஒருபோதும் மணம் செய்யலாகாது.
பேராயரின் படியில் அப்படியே எழுதினேன்.
தலைநகரின் படியிலும்.
மூன்றாவதில் அந்தக் கடைசி வரியை விட்டுவிட்டேன்.
எலிகள் மேல்முறையீடு செய்வதில்லை.

வீட்டில் முட்டைக்கோஸ் சூப்.
மேசையில் தேய்ந்த என் சட்டை முழங்கையை
ஃபெவ்ரோனியா விளக்கடியில் தைத்துக்கொண்டிருக்கிறாள்,
நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறாள்.
பதினாறு ஆண்டுகள்.
எங்கள் இருவர் மேலும் ஒரு மனு இல்லை, ஒரு சாட்சி இல்லை.
"இன்று யாருடையது?" என்கிறாள்.
"யாரோ" என்கிறேன்.
ஊசி நிற்கிறது.
என்னைப் பார்க்கிறாள்,
நகல் எடுத்தவன் விட்ட வரியைத் தேடுகிறவளைப்போல.